குளிர்ந்தால் ஓநாய்

மேகி ஸ்டீஃப்வேட்டரின் ‘ஷிவர்’ நாவலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும், கதை சொல்வது யார் என்பதோடு அப்போதைய வெப்பநிலையும் ஃபாரன்ஹீட்டில் அச்சாகியிருக்கும். எண் இறங்க இறங்க நமக்குப் படபடப்பு ஏறும். இந்த ஓநாய் மனிதர்களுக்குப் பௌர்ணமி ஒரு பொருட்டே இல்லை. அவர்களை உருமாற்றுவது குளிர். 2009-க்கும் 2011-க்கும் இடையே மூன்று பாகங்களாக வந்த இளையோர் காதல் தொடர் இது. களம், அமெரிக்காவின் வடக்கெல்லையில் உள்ள மின்னசோட்டா. கோடையில் மனிதனாக இருக்கும் சாம், பனிக்காலம் வந்ததும் ஓநாயாகிக் காட்டுக்குள் போய்விடுவான். வருடங்கள் போகப் போக அவன் மனிதனாக வாழும் நாட்கள் குறையும். கடைசியில் திரும்பவே மாட்டான். கிரேஸ் அவனைக் காதலிக்கிறாள்.

இந்தக் கற்பனையில் நான் சொக்கிப்போனேன். அதே தொடர் சில இடங்களில் ஆழமாக உறுத்தவும் செய்தது. இரண்டுக்கும் காரணம் உயிரியல்தான்.

குளிர் ஓர் உடலை மாற்றுவதற்குச் சயாமீஸ் பூனை நல்ல சாட்சி. அதன் ரோமத்துக்குக் கருமை தரும் டைரோசினேஸ் என்ற நொதி, மரபணு மாற்றத்தால் சூட்டில் வேலை செய்யாது. தாயின் வெதுவெதுப்பான வயிற்றிலிருந்து குட்டி வெளிறிய நிறத்தில்தான் பிறக்கும். பிறகு, உடம்பில் சற்றே குளிர்ந்த பகுதிகளான காது, மூக்கு, பாதம், வால் மட்டும் கறுக்கத் தொடங்கும்.

இதைவிடப் பெரிய அதிசயம் மின்னசோட்டா காட்டிலேயே இருக்கிறது. அது ஒரு தவளை. மரத்தவளை என்று அதன் பெயரை மொழிபெயர்க்கலாம். ஆனால் அது குளிர்காலத்தைக் கழிப்பது மரத்தில் அல்ல, தரையில், உதிர்ந்த இலைகளுக்கு அடியில். தோலில் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கியதும் அதன் கல்லீரல், சேமித்து வைத்த கிளைகோஜனைக் குளுக்கோஸாக மாற்றி ரத்தத்தில் கொட்டுகிறது. அந்தச் சர்க்கரை செல்களுக்குள் புகுந்து உள்ளே இருக்கும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள, பனி செல்களுக்கு வெளியே மட்டும் உறைகிறது. உடல்நீரில் பாதிக்கு மேல் கட்டியாகிவிடும். மூச்சு நிற்கும், இதயம் நிற்கும். கையில் எடுத்தால் கல்போல் இருக்கும். வசந்தத்தில் உருகியதும் இதயம் மறுபடி துடிக்கும். தவளை குட்டை தேடிப் போய் இணை சேரும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஷ்மிட் 1982-இல் ‘சயின்ஸ்’ இதழில் இப்படி உறைந்து பிழைக்கும் தவளைகளைப் பற்றி எழுதினார்.

ஆனால் சாம் வெப்ப ரத்தப் பிராணி. வெளியே குளிர்ந்தாலும் அவன் உள்ளுடம்பு பெரும்பாலும் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். குளிர் அவன் தோலோடு நின்றுவிடும். நாவல் இந்தக் கேள்வியை நாசூக்காகத் தாண்டிப் போகிறது. கதைதானே, போகட்டும்.

ஓநாயாவதைக் குணப்படுத்தும் வழியாக நாவல் காய்ச்சலைக் கையில் எடுப்பதற்கு வரலாற்றில் முன்னுதாரணம் உண்டு. 1917-இல் வியன்னாவில் யூலியஸ் வாக்னர்-யௌரெக், சிபிலிஸ் மூளையைத் தாக்கிய நோயாளிகளுக்கு மலேரியா ரத்தத்தைச் செலுத்தினார். கடும் காய்ச்சலுக்குப் பிறகு சிலர் தேறினார்கள், சிலர் இறந்தார்கள். மலேரியாவை அடக்கக் கொய்னா இருந்தது. 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெனிசிலின் வந்த பிறகு அந்தச் சிகிச்சை மறைந்தது. நாவலில் மூளைக்காய்ச்சல் நோயாளியின் ரத்தம் இரண்டு இளைஞர்களுக்குச் செலுத்தப்படுகிறது. சாம் பிழைக்கிறான், மற்றவனான ஜாக் இறக்கிறான். பதின்வயதினர் இப்படியொரு முடிவைத் தாங்களே எடுப்பதும், கதை ஜாக்கைவிட்டுச் சீக்கிரமே காதலர்களிடம் திரும்பிவிடுவதும் எனக்கு வலித்தது.

அதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஓநாயைப் பற்றியது. இந்தத் தொடரில் ஓநாயாவது என்றால் தன்னை இழப்பது: பெயர் போகும், பாட்டு போகும், நினைவு மங்கும். நிஜ ஓநாயின் வாழ்க்கை அவ்வளவு வெறுமையானதா? மின்னசோட்டாவில் பல பத்தாண்டுகள் ஓநாய்களை ஆராய்ந்த டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு குடும்பம்தான் என்று 1999-இல் விரிவாக எழுதினார்: தாய், தகப்பன், அடுத்தடுத்த ஈற்றுக் குட்டிகள். தலைமைக்கு ஓயாத சண்டை என்ற பழைய சித்திரம், முன்பின் அறியாத ஓநாய்களை ஒன்றாக அடைத்து வைத்துப் பார்த்ததில் பிறந்தது. வளர்ந்த பிள்ளை ஒருநாள் வீட்டைவிட்டுத் துணை தேடிக் கிளம்பும்.

‘ஷிவர்’ வெளியான அதே 2009-இல் ஓரிகன் மாநிலத்தில் ஓர் ஆண் ஓநாய் பிறந்தது. ஆய்வாளர்கள் அதற்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டி ஓஆர்-7 என்று பெயரிட்டார்கள். 2011 செப்டம்பரில் அது குடும்பத்தைப் பிரிந்து நடக்கத் தொடங்கியது. டிசம்பர் கடைசியில் கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்தது. 1924-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் உறுதிசெய்யப்பட்ட முதல் காட்டு ஓநாய் அதுதான். ஆயிரம் மைலுக்கு மேல் சுற்றியும் இணை அகப்படவில்லை. ஓரிகனுக்கே திரும்பியது. 2014-இல் அது திரிந்த காட்டின் தானியங்கி கேமராவில் ஒரு பெண் ஓநாய் பதிவானது. சில வாரங்களில் குட்டிகளும் தென்பட்டன.