டிராமா எழுதும் பிள்ளை

ராத்திரி ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் மறைமலை நகர் வந்து இறங்குவான் என் பிள்ளை. குளித்துவிட்டுப் படுப்பான் என்று பார்த்தால், நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

"என்னடா, ஆபீஸ் கணக்கா?"

"இல்லம்மா, டிராமா."

போன மாதம் ஒரு படி மேலே போய், "வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதலாம்னு இருக்கேம்மா" என்றான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அவன் என்ஜினீயரிங் படிப்புக்கு வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை.

"கிரேஸி மோகன்கூட என்ஜினீயர்தாம்மா!"

யாரை வைத்து மடக்குகிறான் பாருங்கள்! அவர் வசனத்துக்கு வயிறு வலிக்கச் சிரிக்கிறவள் நான். சரி, அவர் ஆரம்பத்தில் என்னதான் செய்தார் என்று தேடிப் படித்தேன்.

1952-ல் பிறந்தவர். கிண்டி என்ஜினீயரிங் காலேஜில் மெக்கானிகல் படித்தார். 1972-ல் காலேஜ்களுக்கிடையே நடந்த போட்டிக்காக, பாங்க் கொள்ளையை வைத்து ஒரு குட்டி நாடகம் எழுதினார். பரிசு கிடைத்தது, கொடுத்தவர் கமல்ஹாசன்! அங்கிருந்து நேரே சினிமாவுக்குப் போயிருந்தால் என் பிள்ளை ஜெயித்திருப்பான். அதுதான் இல்லை. படிப்பு முடிந்ததும் சுந்தரம் கிளேட்டனில் என்ஜினீயர் வேலை. வேலையில் இருந்தபடியேதான், 1976-ல் எஸ்.வி.சேகரின் குழுவுக்கு 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். நாடகம் பிரமாதமாக ஓடியது. மோகனோடு 'கிரேஸி'யும் ஒட்டிக்கொண்டது.

1979-ல் சொந்தக் குழு, கிரேஸி கிரியேஷன்ஸ். தம்பி பாலாஜிதான் 'மாது'. 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை கே.பாலசந்தர் 1983-ல் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார். கமலோடு 'அபூர்வ சகோதரர்கள்' வந்தது 1989-ல். அந்தக் காலேஜ் பரிசுக்குப் பிறகு 17 வருஷம்!

ஒரு விஷயம் என் மனசைத் தொட்டது. பள்ளிக்கூடத்தில் அவரை மேடையேற்றிய டீச்சரின் பெயர் ஜானகி. அந்த நன்றிக்காகத்தான் அவர் கதாநாயகிகள் பலருக்கும் ஜானகி என்று பெயர். இந்த வீட்டில் எழுதுகிற பிள்ளைக்கு நான் யார்? நோட்டைப் பிடுங்கியவளா?

மறுநாள் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "அவர் எத்தனை வருஷம் வேலையும் பார்த்து நாடகமும் எழுதினார்னு தெரியுமாடா? வேலையை விடாதே, எழுதறதையும் விடாதே. ஆனா நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா முதல்ல தூக்கம். அப்புறம்தான் நோட்டு."

கொஞ்சம் முறைத்தான். அப்புறம், "சரி, ஒரு சீன் கேளேன்" என்று படித்துக் காட்டினான். அதில் ஒரு அம்மா, காலங்கார்த்தாலே பிள்ளையைத் துரத்தித் துரத்தித் தூங்கச் சொல்கிறாள். அச்சு அசல் என் பேச்சு! கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது.

காலையில் காபியை நிறுத்தி மோர் கொடுக்கிறேன். வெயில் அடிக்கிற அவன் ரூம் ஜன்னலுக்குப் பழைய கறுப்புப் புடவையைத் திரையாகத் தைத்துப் போட்டிருக்கிறேன். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தால் தூங்குகிறான். தலைமாட்டில் நோட்டு.