ஆறுமணிக் குருவி

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நாட்களில், அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ உங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் வண்ணப்பறவை ஒன்று ஒடுங்கிக் கிடக்கக் கூடும். யாரோ வளர்த்த வெளிநாட்டுக் கிளி தப்பி வந்துவிட்டது என எண்ணிச் சிறுவர்கள் கூண்டு தேடுவர். சற்றுப் பொறுங்கள்! அது கிளியன்று, ஆறுமணிக் குருவி.

மைனாவை விடச் சற்றுச் சிறியது. முதுகு பச்சை, கழுத்து வெள்ளை, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, சிறகில் நீலத் திட்டு, மங்கிய மஞ்சள் மார்பு, குட்டை வாலின் அடியில் செக்கச் சிவப்பு. இந்தியில் இதனை 'நவரங்' என்பர். 'பிட்டா' என்னும் இதன் அறிவியல் பெயர், பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது.

இத்தனை அழகிருந்தும் இது வெளியில் வந்து நிற்பதில்லை. புதர் நிழலில், வாலை மெல்ல ஆட்டியபடி, தரையில் தத்தித் தத்திச் சருகுகளைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்னும். 'தோட்டக்கள்ளன்' என்றொரு பெயரும் இதற்குண்டு. எவர் பொருளையும் திருடாத பறவைக்கு இப்பெயர் சற்று அநியாயமே! கண்ணுக்குப் படாவிட்டாலும் காதுக்குத் தப்பாது. விடியும் வேளையிலும் அந்தி மயங்கும்போதும் இரண்டு சுரமாய்ச் சீழ்க்கையடிக்கும். சுபுஹுக்கும் மஃரிபுக்கும் எழும் நம் வீட்டார் அதனைக் கேட்டிருக்கக் கூடும். எதன் குரல் என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னகத்திற்கும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் இரவில். களைத்துத் தாழ இறங்கும்போது நகரத்து விளக்குகள் அதனைத் திகைக்க வைக்கின்றன. சுவரில் மோதியோ ஜன்னல் வழி புகுந்தோ விழுகிறது. விடிந்ததும் காகமும் பூனையும் சூழ்ந்துவிடும்.

அப்படி விழுந்ததைக் கண்டால் கூண்டிலிடாதீர்கள். காட்டுப் பறவைகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறும் வேண்டாம். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். பிள்ளைகள் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம். சிறகு ஒடிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தெளிந்துவிட்டதெனில், மறுநாள் விடியலில் மாமரமும் புதரும் உள்ள தோட்டத்தில் பெட்டியைத் திறந்துவைத்து விலகி நில்லுங்கள். அங்குள்ள சருகை மட்டும் கூட்டி எரித்துவிடாதீர்கள். ஏப்ரல் வாக்கில் வடக்கே திரும்பும்வரை அதன் இரை அதற்குள்தான் இருக்கிறது.