ஒரே கண்ணில் இரண்டு ஆபரேஷன்

என் மாமனார் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். எழுபது வயதைத் தாண்டியும் காலையில் கடலில் ஒரு முழுக்குப் போடாமல் டீ குடிக்க மாட்டார். ஆனால் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிடுவார், வாசல் நிலையில் இடித்துக்கொள்வார். வயசானால் வரும் புரைதானே என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

2023-ல் நெல்லையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். புரையோடு கண் நீர் அழுத்த நோயும் இருக்கிறதாம், கிளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் சாதாரணமாக 10-லிருந்து 21 வரை இருக்குமாம், மாமாவுக்கு 34! சொட்டு மருந்துக்கும் சரியாக இறங்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆபரேஷன் என்றார்கள்.

"கடலுக்கடியில போனா காதை அழுத்துமே மாமா, அது மாதிரி கண்ணுக்குள்ள தண்ணி வெளியேற வழியில்லாம நரம்பை அழுத்துதாம்" என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைக்கிறார்கள். (மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரிக்காரர்கள் 1992-ல் ஆரோலேப் ஆரம்பித்து இங்கேயே லென்ஸ் செய்த பிறகுதான் அதன் விலை இறங்கியதாம்.) கூடவே மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில் சின்னதாய் ஒரு வடிகால் வைக்கிறார்கள். அந்த இடம் கொப்புளம் மாதிரி லேசாக உப்பியிருக்கும். பயப்படாதீர்கள், நீர் வடிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பக்கத்து வீட்டு ஆச்சி புரை ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டு நாலாம் நாளே பேப்பர் படித்தார். மாமாவுக்கோ மூன்று வாரமாகியும் மங்கல்தான். "ஏம்மா, இருந்த கண்ணும் போச்சே" என்று அவர் சொன்ன அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுபடி காட்டியபோதுதான் விளங்கியது. அழுத்தம் இறங்கிய கண் நிலைக்கு வரவும், தையல் இழுப்பு அடங்கவும் வாரக்கணக்கில் ஆகுமாம். அதுவரை சொட்டு மருந்தை விடக்கூடாது, விட்டால் வடிகால் தழும்பாகி அடைத்துக்கொள்ளலாம். அன்று அழுத்தம் 14!

இரண்டு மாதம் கழித்துக் கண்ணாடி போட்டதும் சுவர்க் காலண்டரில் தேதியை வாசித்தார். ஆனால் பக்கத்துத் தம்ளரை இன்னும் தட்டத்தான் செய்கிறார். புரை மறைத்த பார்வை திரும்பும். அழுத்தத்தில் பட்டுப்போன நரம்பு திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் அந்த வடிகால். இப்போது தம்ளரைத் தட்டுக்கு நேர் எதிரே வைக்கிறேன்.

கடல் முழுக்கு இனிக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொப்புளம் வழியாகக் கிருமி போய்விடுமாம். கண் சிவந்து வலித்தாலோ, பீளை தள்ளினாலோ, எத்தனை வருஷம் கழித்தென்றாலும் அன்றைக்கே ஓட வேண்டும். மாமா கரை வரை போய்க் காலை நனைத்துவிட்டு வந்து டீ கேட்கிறார்.

ரத்த சொந்தத்திலும் வருமாம். என் வீட்டுக்காரரைக் கையோடு காட்டினேன், ஒன்றுமில்லை. கொழுந்தனார்தான் வர மாட்டேன் என்கிறார். "எனக்குத்தான் நல்லாத் தெரியுதே மதினி" என்கிறார். மாமாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

— ஒரு வாசகி, தூத்துக்குடி