தோல் நோயும் கணிப்பொறியும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களாகிய நமக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஆனால் அருவிக்கரையில் ஒருவரது முழங்கையில் வெள்ளிச் செதில் போன்ற படையைக் கண்டால் பலர் விலகி நிற்பார்கள். அது சொரியாசிஸாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பு ஆற்றல் தன் தோலையே தாக்குவதால் வரும் அழற்சி அது, தொட்டால் ஒட்டாது.

சிவப்பு, தடிப்பு, செதில், பரவிய அளவு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்கள் இந்நோய்க்கு 0 முதல் 72 வரை மதிப்பெண் இடுகிறார்கள். நம் பரீட்சையைப் போலன்றி, இதில் குறைந்தால்தான் மகிழ்ச்சி! ஒரே நோயாளிக்கு இரு மருத்துவர் வெவ்வேறு மதிப்பெண் இடுவதும் உண்டு. ஆகவே, ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய கணிப்பொறியிடம் இவ்வேலையைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு என்பது இதுதான்.

இதில் ஒரு சங்கடம், தோழியரே. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் அழற்சி, கறுத்த தோலில் ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியும். பொறி பழகிய படங்களோ பெரும்பாலும் வெள்ளைத் தோலுடையவை. 2022இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பல நிறத் தோல்களின் 656 படங்களைக் கொடுத்து, புற்றுநோயா அல்லவா என்று கேட்டுச் சோதித்தபோது, கருந்தோலில் பொறிகள் அதிகம் தவறின. அத்தகைய படங்களையும் காட்டிப் பழக்கிய பிறகே வேறுபாடு குறைந்தது.

அரிப்பால் உறக்கம் கெடுவதை மட்டும் எந்தப் படமும் காட்டாது. அதை நோயாளிதான் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.