மீண்டும் தெளிந்த ஏரி

‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்பது ஏரிகளுக்கும் பொருந்தும். பாஸ்பரஸ், நைட்ரஜன் ஆகிய சத்துகள் இன்றி நீரில் பாசி வளராது. பாசி இல்லையேல் சிற்றுயிர்களுக்கும் அவற்றை உண்ணும் மீன்களுக்கும் உணவில்லை. ஆனால், கழிவுநீர், வயல் உரம் ஆகியவற்றின் வழியாக இச்சத்துகள் மிகுதியாகச் சேர்ந்தால் பாசி அளவின்றிப் பெருகுகிறது. நீர் கலங்கி, சூரிய ஒளி ஆழத்தை எட்டுவதில்லை. இறந்த பாசி ஏரியின் அடியில் படிகிறது. அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியைப் பயன்படுத்திவிடுவதால் மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன.

அமெரிக்காவின் சியாட்டல் நகரை ஒட்டியுள்ள வாஷிங்டன் ஏரியையும் இந்த ஆபத்து நெருங்கியது. கரையோர ஊர்கள் சுத்திகரித்த கழிவுநீரை ஏரியில் விட்டுவந்தன. சுத்திகரித்த பின்னரும் அந்நீரில் பாஸ்பரஸ் மிகுந்திருந்தது. 1955ஆம் ஆண்டு, ஏரியில் ஒரு வகை நீலப்பச்சைப் பாசி காணப்பட்டது. சுவிட்சர்லாந்தின் சூரிக் ஏரி சீர்கெட்டபோதும் இதே பாசி தோன்றியிருந்தது. விலங்கியல் அறிஞர் எட்மண்ட்சன் இதனை ஓர் எச்சரிக்கையாகக் கருதினார். கழிவுநீரைத் தடுத்தால் ஏரி மீளும் என்றும் அவர் கணித்தார்.

அதற்கான செலவை மக்களே ஏற்க வேண்டியிருந்தது. 1958 மார்ச் மாத வாக்கெடுப்பில் திட்டம் தோல்வியுற்றது. செப்டம்பரில், திருத்தப்பட்ட திட்டத்தை மக்கள் ஏற்றனர். 1963 முதல் 1968 வரை, கழிவுநீர் படிப்படியாக ஏரியிலிருந்து திருப்பிவிடப்பட்டது. 1964இல் நீருக்குள் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் ஆழம் வரையே காண முடிந்தது. 1968இல் அது 3 மீட்டராக உயர்ந்தது. 1970களில் டாஃப்னியா எனும் சிற்றுயிர் பெருகிப் பாசியை உண்டதால் நீர் மேலும் தெளிந்தது.

எல்லா ஏரிகளும் இவ்வளவு விரைவில் மீள்வதில்லை. வாஷிங்டன் ஏரி ஆழமானது. ஆறுகளின் தூய நீரும் அதில் தொடர்ந்து கலக்கிறது. ஆழம் குறைந்த ஏரிகளிலோ, சேற்றில் படிந்த பாஸ்பரஸ் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் நீரில் கலக்கும். கழிவுநீரை நிறுத்திய பின்னரும் பாசி அடங்காது. எனவே, சேறு நிறைவதற்குள் சத்துகளின் வரவைத் தடுப்பதே ஏரியைக் காக்கும் எளிய வழியாகும். வாஷிங்டன் ஏரி பிழைத்ததும் அதனால்தான்.