லூசு: திருகாணியை விட்டுவிட்டு வந்த சொல்

'லூஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை அறியாத தமிழர் அநேகமாக இல்லை. சட்டை இடுப்பில் லூஸ் என்று தையல்காரரிடம் சொல்கிறோம். நட் லூஸ் என்கிறார் சைக்கிள் திருத்துபவர். ஆங்கிலத்திலும் அதன் அடிப்படைப் பொருள் இதுதான்: இறுகாத, தளர்ந்த, கட்டவிழ்ந்த. பைக்கற்றில் அடைக்காமல் விற்கும் தேயிலைத்தூளும் லூஸ். சங்கிலி அவிழ்ந்து ஓடும் நாயும் லூஸ்.

'இழ' என்று பொருள்படும் லூஸ் வேறு சொல். எழுத்தில் அதற்கு ஒரு 'ஓ' குறைவு. உச்சரிப்பில் கடைசி ஒலி வண்டின் இரைச்சல்போல அதிரும். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லாததால் நமக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன. எழுதும்போது ஆங்கிலேயரே குழம்புவதுண்டு.

ஆனால் 'அவன் லூஸ்' என்று ஆங்கிலேயர் ஒருவரிடம் சொன்னால், அவனுக்குப் புத்தி பிசகு என்று அவர் விளங்கிக்கொள்ள மாட்டார். ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் அது ஒழுக்கத்தைப் பழிக்கும் பழைய வசை. புத்தியைக் கேலி செய்வதற்கு 'ஒரு திருகாணி லூஸ்' என்று ஆணியையும் சேர்த்தே சொல்லவேண்டும். தமிழிலும் 'மரை கழண்டவன்' என்ற பேச்சு உண்டு. நாமோ ஆணியை விட்டுவிட்டு, லூஸை மட்டும் எடுத்து, உகரம் சேர்த்து ஆளுக்கே பெயராக்கிவிட்டோம்: லூசு, லூசன்.

தளர்ந்த நட்டை இறுக்கினால் அது லூஸ் இல்லை. ஆளுக்கு வைத்த பெயர் அப்படிப் போவதில்லை. உளநலம் பற்றி எழுதுவதற்காக வடக்கில் சில குடும்பங்களோடு பேசியிருக்கிறேன். ஒரு தாய், பக்கத்து ஊரிலேயே கிளினிக் இருக்க, இரண்டு பஸ் மாறித் தூரத்து வைத்தியசாலைக்கு மகனைக் கூட்டிச் செல்கிறார். தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதே காரணம். மகன் மருந்தெடுத்துத் தேறி, வேலைக்கும் போகிறார். ஒழுங்கையில் அவர் இன்னமும் லூசன்தான். தங்கைக்கு வரன் பேச வந்தவர்களிடமும் அந்தப் பெயரே முதலில் போய்ச் சேர்ந்ததாம்.

'விசரன்' நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. தேசிய மனநல நிறுவனம் இருப்பதால் 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரே கேலியாகிவிட்டது. இவற்றோடு ஒப்பிட்டால் லூசு மென்மையாகக் கேட்கிறது. காதலியைச் செல்லமாக அப்படி அழைக்கிறோம். தமிழ்ப் படங்களில் கதாநாயகிக்கு அது ஒரு வேடமாகவே ஆகிவிட்டது. இந்த மென்மைதான் ஆபத்து என்று நினைக்கிறேன். மாணவனை 'விசரன்' என்று அழைக்கக் கூசும் ஆசிரியர்கூட 'லூசு' என்பதைக் கூசாமல் சொல்லிவிடுகிறார்.

செய்தி எழுதும் நாங்களும் விதிவிலக்கல்ல. 'உளநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்' என்று எழுதினால் தலைப்பு நீண்டுவிடும் என்பார்கள். அச்சுப் பத்திரிகையில் அது ஒரு நியாயம். இணையத்தில் தலைப்புக்கு அப்படியொன்றும் இடப்பஞ்சம் இல்லை.