கறவை வெள்ளாட்டுக் காட்சிகள்: நடைபெறும் முறையும் அடையும் பலனும்

கால்நடைக் காட்சிகள் வேடிக்கைக்காக ஏற்பட்டவை அல்ல. தன் கொட்டிலில் நிற்கும் ஆட்டையே நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அதன் குறைகள் கண்ணிற்படுவதில்லை. பத்து ஆடுகளின் நடுவே அதனை நிறுத்தி, விஷயமறிந்த ஒருவர் கைவைத்துச் சோதித்து, இன்ன காரணத்தால் இது முதலாவது, இன்ன காரணத்தால் அது நான்காவது என்று பலரறியக் கூறும்போதுதான், எந்தக் கிடாவை இனவிருத்திக்கு வைத்துக்கொள்வது, எந்தப் பெட்டையைக் கழித்துவிடுவது என்பன விளங்கும். கறவை வெள்ளாடுகளுக்கென்றே இத்தகைய காட்சிகளை ஒழுங்கான விதிகளின்கீழ் நடத்திவரும் தேசங்களுள் இங்கிலாந்தும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் முக்கியமானவை. அமெரிக்க முறை இங்கே விவரிக்கப்படுகிறது.

சங்கங்கள்

இங்கிலாந்தில் வெள்ளாட்டுச் சங்கம் 1879-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டது. அமெரிக்காவில் கறவை ஆடுகளின் வம்சாவளியைப் பதிவு செய்வதற்கான சங்கம் 1904-ஆம் ஆண்டில் தோன்றியது. 1964 முதல் அது அமெரிக்கக் கறவை வெள்ளாட்டுச் சங்கம் என்று வழங்கப்படுகிறது. ஆடுகளைப் பதிவு செய்தல், பரீட்சகர்களுக்குப் பயிற்சியளித்துச் சான்று வழங்குதல், மதிப்பெண் அட்டவணையை வகுத்தல் ஆகியவை இதன் வேலைகள்.

இளைஞர் சங்கங்களும் இவ்விஷயத்தில் பெரும்பங்கு கொண்டுள்ளன. ஒஹையோ மாகாணத்தின் கிளார்க் ஜில்லாவில் 1902-ஆம் ஆண்டு ஒரு பள்ளிக்கூட அதிகாரி கிராமச் சிறுவர் சிறுமியரைக் கூட்டித் தொடங்கிய சங்கமே பின்னர் நாடெங்கும் பரவிய 'நான்கு எச்' சங்கங்களுக்கு வித்தாயிற்று. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கிற்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் எச் என்னும் எழுத்தில் தொடங்குவதால் இப்பெயர் வந்தது. ஜில்லாச் சந்தைகளில் ஆடு கொண்டுவருவோரில் பலர் இச்சங்கங்களைச் சேர்ந்த பிள்ளைகளே.

ஜாதிகள்

ஒவ்வொரு ஜாதிக்கும் தனித்தனிப் பந்தயம் உண்டு. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த சானன், டோகன்பர்க், பிரெஞ்சு நாட்டு ஆல்பைன், காது மிகச் சிறிதான லாமாஞ்சா, காது தொங்கும் நூபியன் ஆகியவை முக்கியமானவை. வளர்ந்த சானன், ஆல்பைன், நூபியன் பெட்டைகள் திமிலருகே குறைந்தது 30 அங்குல உயரமும் 135 ராத்தல் எடையும் இருத்தல் வேண்டும் என்பது விதி.

நூபியன் ஜாதி நம் வாசகர்களின் கவனத்திற்குரியது. இந்தியாவில் யமுனை, சம்பல் நதிகளின் பிரதேசத்திற்குரிய ஜம்னாபாரி முதலிய ஆடுகளும் எகிப்து தேசத்து ஆடுகளும் இங்கிலாந்திற்குக் கப்பலேறிச் சென்று, அந்நாட்டுப் பெட்டைகளோடு கலந்ததால் உண்டானது இது. அகன்று தொங்கும் காதும் வளைந்து புடைத்த மூக்கும் ஜம்னாபாரியை நினைவூட்டுவன. நூபியன் ஆட்டிற்கு மூக்கு நேராக இருப்பின் அது குற்றமாகக் கணிக்கப்படுகிறது. பால் சானனைவிடக் குறைவாயினும் கொழுப்பு மிகுதி.

மதிப்பெண் அட்டவணை

பரீட்சகர் தம் மனம்போனபடி தீர்ப்புச் சொல்ல இயலாது. கறவையிலுள்ள பெட்டைக்கு நூறு மார்க்குகள் பின்வருமாறு பங்கிடப்பட்டுள்ளன: பொதுத் தோற்றமும் அங்க அமைப்பும் 35, கறவைத்தன்மை 20, உடலின் கொள்ளளவு 10, மடி 35. இன்னும் ஈனாத பெட்டைகளுக்கும் கிடாக்களுக்கும் மடியில்லாமையால் முதல் மூன்றிற்கும் முறையே 55, 30, 15 அளிக்கப்படும்.

இப்பங்கீட்டின் கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. அங்க அமைப்பிற்குரிய 35-இல் 15 மார்க்கு கால்களுக்கும் குளம்புகளுக்குமே உரியது. கால் கோணிய ஆடு நெடுந்தூரம் மேயாது, நிற்பதற்கே வருந்தும், மேய்ச்சல் குறைந்தால் பாலும் குறையும். ஆகவே காலைப் பார்ப்பது உண்மையில் பாலைப் பார்ப்பதேயாகும். கறவைத்தன்மை என்பது, தின்ற தீனி உடலில் கொழுப்பாகப் படியாமல் பாலாக மாறுகிறது என்பதைக் காட்டும் அடையாளங்கள்: தட்டையான எலும்பு, விலாவெலும்புகளுக்கிடையே நல்ல இடைவெளி, மெல்லிய தோல், சதை மிகாத தொடை முதலியன. அகன்று ஆழ்ந்த வயிறு மிகுந்த தழையைக் கொள்ளும், அதுவே கொள்ளளவு.

மடிக்குரிய 35-இல் 13 மார்க்கு அதனைத் தாங்கும் கட்டுக்கு உரியது. தசைநார் தளர்ந்து முழங்காலுக்குக் கீழே தொங்கும் மடி முள்ளிற் கீறுண்டு, சாணத்திலும் சேற்றிலும் புரண்டு, சீக்கிரம் நோய்க்கு இடமாகும். பெருத்த மடியெல்லாம் பால் மடியல்ல என்பதையும் பரீட்சகர் அறிவார். கறந்தபின் காலிப்பை போலச் சுருங்குவதே நல்ல மடி. கறந்தபின்னும் பருத்தே நிற்பது வெறும் சதை. காம்புகள் கைக்கு அடங்கும் அளவினவாய், இரண்டும் ஒத்து, கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். மடியில் ஒருபுறம் பால் சுரக்காது கெட்டுப்போன ஆடும், தீராத நொண்டியும் போட்டியிலிருந்தே விலக்கப்படும்.

காட்சிக்கு ஆயத்தம் செய்தல்

காட்சி நாளன்று குளிப்பாட்டி நிறுத்துவதனால் ஒரு நல்ல ஆடு உண்டாகிவிடாது. ஆயத்தம் பல வாரங்களுக்கு முன்னரே தொடங்குதல் வேண்டும்.

குளம்பைச் சீராகச் செதுக்குவதை ஒரு வாரத்திற்கு முன்பாவது செய்துவிடவேண்டும். முதல்நாள் செதுக்கினால் வலியால் ஆடு நொண்டக்கூடும். மயிரை உடல் முழுவதும் குட்டையாகக் கத்தரிப்பது வழக்கம். தோலின் மென்மையும் உடலின் அமைப்பும் அப்பொழுதுதான் தெரியும். குளிர் மிகுந்த காலத்தில் இதனைத் தவிர்த்தல் நலம். கழுத்துப்பட்டையைப் பிடித்து நடத்தினால் தலைநிமிர்ந்து நடக்கவும், நிறுத்தினால் அசையாது நிற்கவும் குட்டிப்பருவம் முதலே பழக்கவேண்டும். புதிய ஊர்த் தண்ணீரைச் சில ஆடுகள் வாயிலும் வைப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் அன்றே பால் குறையும். ஆகவே வீட்டிலிருந்து உலர்ந்த புல்லையும், கூடுமானால் தண்ணீரையும் கொண்டுசெல்வோர் உண்டு.

ஒவ்வோர் ஆட்டிற்கும் அடையாளக் குறி இருத்தல் கட்டாயம். பெரும்பாலும் காதின் உட்புறத்தில் எழுத்துகளைப் பச்சை குத்துவர். லாமாஞ்சா ஆட்டிற்குக் காது போதாதாகையால் வாலடித் தோலில் குத்துவது வழக்கம்.

காட்சிக் களத்தில்

ஆடுகள் வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டு, பரீட்சகரைச் சுற்றி வட்டமாக நடத்தப்படும். நடையைப் பார்த்தபின் அவர் ஒவ்வொன்றையும் நிறுத்தி விலா, தோல், மடி ஆகியவற்றைத் தொட்டுச் சோதித்து, தகுதி வரிசையாக நிற்கவைப்பார். பின்னர் ஏன் அவ்வாறு வைத்தார் என்பதை யாவரும் கேட்கக் காரணங்களோடு சொல்லுதல் அவர் கடமை. "முதலாவது ஆட்டின் மடி பின்புறம் உயர்ந்து அகன்றுள்ளது, இரண்டாவது ஆடு முதுகில் இதனை வெல்லினும் மடியில் தாழ்ந்தது" என்பது போல ஒப்பிட்டுக் கூறுவார். தோற்றவன் தன் மந்தையில் எதைத் திருத்தவேண்டும் என்று தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறான். காட்சியின் பெரும்பயன் இதுவேயாகும். முதல் பரிசுக்கு நீலநிற நாடாவும், இரண்டாவதற்குச் சிவப்பும், மூன்றாவதற்கு வெள்ளையும் அளிக்கப்படும்.

பிள்ளைகளுக்கென நடைபெறும் பந்தயத்தில் மதிக்கப்படுவது ஆடன்று, அதனை நடத்தும் திறமையே. ஆட்டின் சுத்தமும் பராமரிப்பும் 40 மார்க்கு. நடத்துபவரின் தோற்றம் 10. களத்தில் ஆட்டை நடத்திக் காட்டும் விதம் 50. பரீட்சகருக்கும் ஆட்டிற்கும் நடுவே ஒருபோதும் வந்து நிற்றல் கூடாது. அவர் மறுபுறம் சென்றால் பிள்ளையும் ஆட்டின் முன்புறமாகச் சுற்றி இப்புறம் வருதல் வேண்டும். சாதாரண ஆட்டை வைத்துக்கொண்டிருக்கும் ஏழைக் குடியானவரின் பிள்ளையும் இப்பந்தயத்தில் முதலாவதாக வரலாம் என்பதே இதன் சிறப்பு.

பால் பரீட்சை

அழகிய உருவம் பாலுக்கு அறிகுறியேயன்றிப் பாலாகாது. ஆதலின் சில காட்சிகளோடு ஒருநாள் பால் பரீட்சையும் நடத்தப்படுகிறது. முதலில் அதிகாரிகள் முன்னிலையில் எல்லா ஆடுகளையும் ஒட்டக் கறந்துவிடுவார்கள். அப்பால் கணக்கில் சேராது. அதன்பின் ஒருநாளில் இருவேளை கறக்கும் பாலே நிறுக்கப்பட்டு, கொழுப்பும் சோதிக்கப்படும். ஒரு ராத்தல் பாலுக்கு ஒரு மார்க்கு. கொழுப்பில் ராத்தலில் இருபதில் ஒரு பங்கிற்கு ஒரு மார்க்கு. ஈன்றபின் கழிந்த ஒவ்வொரு பத்து நாளுக்கும் பத்தில் ஒரு மார்க்கு. மொத்தம் 18 மார்க்கு பெறும் பெரிய ஜாதி ஆட்டிற்கு நட்சத்திரக் குறி வழங்கப்படும்.

ஓர் உதாரணம் காண்க. ஓர் ஆடு 9 ராத்தல் பால் தருகிறது; கொழுப்பு நூற்றுக்கு 4 வீதம். பாலுக்கு 9 மார்க்கு, கொழுப்பு 0.36 ராத்தலாதலின் அதற்கு 7.2. ஈன்று 120 நாளாயிருப்பின் 1.2 சேர்ந்து 17.4 ஆகும், நட்சத்திரம் கிட்டாது. அதே அளவு பாலை ஈன்று 200-ஆவது நாளில் தருமாயின் 2 மார்க்கு சேர்ந்து 18.2 ஆகிவிடும். ஈன்றவுடன் மிகுதியாகக் கறந்து விரைவில் வற்றிவிடும் ஆட்டைவிட, நெடுநாள் தளராமல் கறப்பதே மேல் என்ற உண்மை இக்கணக்கில் அடங்கியுள்ளது.

விலக்கவேண்டிய தீமைகள்

பரிசின்மீதுள்ள ஆசை ஆட்டிற்குத் தீங்காக முடிவதும் உண்டு. பரீட்சகர் பார்க்கும் வேளையில் மடி நிறைந்திருப்பது நியாயமே. அதற்கேற்பக் கறவை நேரத்தைச் சிறிது மாற்றி அமைப்பதில் குற்றமில்லை. ஆனால் மடி பெரிதாகத் தோன்றவேண்டி வழக்கமான கறவை வேளையைக் கடத்திப் பலமணி நேரம் கறவாது வைத்திருப்பது கொடுமை. அத்தகைய ஆடு பின்கால்களை அகற்றி வைத்து வருந்தி நிற்கும். காம்புகள் வெளிப்புறம் பிதுங்கும். பால் தானே ஒழுகும். சுரப்பு குறைவதோடு மடிவீக்க நோய்க்கும் வழி உண்டாகும். ஒரு நாடாவிற்காக ஓர் ஈற்றின் பாலை இழப்பது புத்திசாலித்தனமாகாது. தேர்ந்த பரீட்சகர் இத்தகைய மடியைக் கண்டவுடன் உண்மையை ஊகித்துவிடுவார்.

தொற்றுநோய் இரண்டாவது அபாயம். பல மந்தைகள் ஒருங்கே கூடுமிடத்தில் வாய்ப்புண், படர்தாமரை, சீழ்க்கட்டி முதலியவை எளிதில் பரவும். கட்டியோ புண்ணோ உள்ள ஆட்டைக் களத்திற்குள் விடலாகாது. பிறருடைய வாளியையும் தொட்டியையும் உபயோகித்தல் கூடாது. காட்சியிலிருந்து திரும்பிய ஆட்டை உடனே மந்தையோடு சேர்த்துவிடாமல் இரண்டு மூன்று வாரங்கள் தனியே கட்டி வைத்துக் கவனித்தல் வேண்டும். நீலநாடா பெற்றுவந்த ஒரே ஆடு மந்தை முழுவதற்கும் நோயைக் கொண்டுவருமாயின் அப்பரிசினால் வந்தது நஷ்டமே.

கவனிக்கத்தக்கவை

கால்நடைக் காட்சிகளை ஏற்பாடு செய்யும் கிராம அதிகாரிகளுக்கும் கனவான்களுக்கும் மேற்கண்ட முறையிலிருந்து சில படிப்பினைகள் கிடைக்கின்றன. மதிப்பெண் அட்டவணை முன்னதாகவே பிரசுரிக்கப்பட்டு எல்லோரும் அறிந்ததாயிருத்தல் வேண்டும். பரீட்சகர் தம் தீர்ப்பிற்குக் காரணம் கூறவேண்டும். காரணம் கூறப்படாத பரிசு பொறாமையை வளர்க்குமேயன்றி அறிவை வளர்க்காது. உருவத்தோடு பாலையும் அளந்து பரிசளிக்கவேண்டும். நோயுள்ள பிராணிகளை வாயிலிலேயே தடுக்க ஒருவரை நியமித்தல் வேண்டும். பிள்ளைகளுக்கெனத் தனிப் பந்தயம் ஒன்று இருக்குமாயின் கால்நடைகளைப் பேணும் பழக்கம் இளமையிலேயே வேரூன்றும். ஆடு வளர்ப்போர், பரிசு கிடைத்ததா என்பதைக்காட்டிலும், பரீட்சகர் சுட்டிய குறை அடுத்த ஈற்றின் குட்டிகளில் நீங்கிற்றா என்பதையே காட்சியின் பலனாகக் கொள்வாராக.